லிட்டருக்கு எத்தனை? குடும்ப வேனின் உண்மைக் கணக்கு

கொட்டாம்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் புதிதாக ஒரு வேன் வந்து நின்றால், விலையை விசாரிப்பதற்கு முன்பே வந்து விழும் கேள்வி, "எவ்வளவு குடுக்குது?" என்பதுதான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் விரித்துக் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. பதிலும் நாக்கு நுனியில் இருக்கும். ஈகோ வைத்திருப்பவர் பதினாறு என்பார். எர்டிகாக்காரர் இருபது என்பார். பழைய ஆம்னியை இன்னும் விடாமல் ஓட்டுபவர், "அதெல்லாம் பதினஞ்சுக்குக் கொறையாது" என்று அடித்துச் சொல்வார். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் தடுமாற்றம். ஷோரூமில் சொன்னார்கள், மச்சான் வண்டியும் அதே மாடல்தான், மீட்டரில் அப்படித்தான் காட்டுகிறது. நானே அளந்து பார்த்தேன் என்று சொல்பவரைத் தேடத்தான் வேண்டும்.

இந்த ஊருக்கு வேன் ஆடம்பரப் பொருள் கிடையாது. திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையில், நத்தம் பக்கமிருந்தும் சிங்கம்புணரி பக்கமிருந்தும் வரும் சாலைகள் சேருமிடத்தில் இருக்கிறது கொட்டாம்பட்டி. மேலூர் சுமார் 20 கிலோமீட்டர், மதுரை ஏறக்குறைய 50. பெரிய ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, கல்லூரி, நகை என எதற்கும் தெற்கே போயாக வேண்டும். குலசாமி கும்பிடப் போனாலும், அழகர்கோவிலுக்குக் கிடாயோடும் அரிசி மூட்டையோடும் கிளம்பினாலும் குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் ஏற வேண்டும். 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்ற மாருதி ஆம்னி இந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் பரவியது. 2010-ல் ஈகோ, 2012-ல் எர்டிகா, 2019-ல் டிரைபர் என்று அந்த வரிசை நீண்டது.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வேனை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றே வைப்போம். லிட்டருக்கு 18 கொடுத்தால் மாதச் செலவு ஏறக்குறைய 5,560 ரூபாய். 15 தான் கொடுக்கிறது என்றால் 6,670. வித்தியாசம் மாதம் 1,100, வருடத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல். வாங்கும்போது பதினெட்டு என்று நம்பி, ஓட்டும்போது பதினைந்து கிடைத்துக்கொண்டிருந்தால் வருடா வருடம் இந்தத் தொகை சத்தமில்லாமல் கையை விட்டுப் போகிறது. இதே சுற்றுவட்டாரத்தில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில், காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை லிட்டர் என்று நாள் தவறாமல் நோட்டில் ஏறுகிறது. பாலுக்கு இருக்கும் நோட்டு பெட்ரோலுக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

உருளையின் மேல் பிறக்கும் எண்

விளம்பரத்தில் வரும் மைலேஜை ஊரில் கம்பெனி மைலேஜ் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் என்பார்கள். புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தின் பெயர்ச் சுருக்கம் அது. இன்றைய பெட்ரோல் ஈகோவுக்கு இப்படி அறிவிக்கப்பட்ட எண் லிட்டருக்கு 19.71 கிலோமீட்டர். கையால் கியர் மாற்றும் எர்டிகாவுக்கு 20.51.

இந்த எண் எந்தச் சாலையிலும் ஓடிப் பிறந்தது கிடையாது. ஆய்வுக்கூடத்தில் வண்டியின் சக்கரங்களை உருளைகள்மேல் நிறுத்திச் சுழலவிடுகிறார்கள். எந்த நொடியில் எந்த வேகம், எப்போது நிற்க வேண்டும், எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே வகுத்த ஓர் அட்டவணை. இருபது நிமிடம், பதினோரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். உச்ச வேகம் 90. முழு ஓட்டத்துக்கும் சராசரி எடுத்தால் மணிக்கு முப்பதைச் சற்றுத் தாண்டும். பெட்ரோலைக்கூட நேரடியாக அளப்பதில்லை. புகைக்குழாய் வழியாக வெளியேறும் வாயுக்களைப் பிடித்து, அவற்றில் உள்ள கரியின் அளவிலிருந்து எவ்வளவு எரிபொருள் எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

அதில் பொய் எதுவும் இல்லை. எல்லா வண்டிக்கும் ஒரே அட்டவணை, ஒரே அறை, ஒரே விதி என்பதால் ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அது நல்ல அளவுகோல். ஆனால் அந்த அறையில் ஏசி ஓடுவதில்லை. எதிர்க்காற்று வீசுவதில்லை. பின்சீட்டில் அத்தையும் சித்தியும் பிள்ளைகளும் நெருக்கி உட்கார்ந்திருப்பதில்லை. ஒத்தக்கடை நெரிசலில் முதல் கியரில் ஊர்வதும் இல்லை. இத்தனையும் கூடிய நம்முடைய ஓட்டத்தில் அந்த எண் வராமல் போவது இயல்பு.

அமெரிக்காவில் 2008 மாடல் வண்டிகளில் தொடங்கி இந்தச் சோதனையை ஐந்து வகை ஓட்டங்களாக விரித்தார்கள். அதிவேக ஓட்டம், ஏசி போட்ட ஓட்டம், குளிரில் ஓட்டம் எல்லாம் அதில் சேர்ந்தன. அதன் பிறகு பல வண்டிகளின் ஸ்டிக்கரில் இருந்த எண் கீழே இறங்கியது, வாங்குபவருக்கு உண்மை கொஞ்சம் நெருக்கமாக வந்தது. சோதனையிலேயே தில்லுமுல்லு நடந்ததும் உண்டு. ஜப்பானில் மிட்சுபிஷி நிறுவனம் மைலேஜ் சோதனை விவரங்களைத் திருத்தியதை 2016-ல் தானே ஒப்புக்கொண்டது. நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-ல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. லிட்டருக்கு 32 கொடுக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட டீசல் காரை நிபுணரை வைத்து ஓட்டிப் பார்த்தபோது இருபதைக்கூடத் தொடவில்லை. வாங்கிய பெண்ணுக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. அந்த வழக்கை நிலைநிறுத்தியது முறையாக எடுக்கப்பட்ட ஓர் அளவு. வாயால் சொல்லும் மைலேஜை எந்த ஆணையமும் கேட்காது.

என் கருத்தில், ஏழு பேர் ஏறும் வண்டி என்று விற்கும்போது ஏழு பேர் ஏறி, ஏசி ஓடும் நிலையில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வாங்குகிறவர் பெரும்பாலும் அதற்காகத்தான் வாங்குகிறார். அது நடக்கும்வரை அளக்கும் வேலை நம்முடையது.

டேங்க் டு டேங்க்

இந்த அளவுக்கு ஒரு பேனாவும் நோட்டும் போதும். முறை பழையது, எந்த மெக்கானிக்கும் சொல்லித் தருவார். டேங்கை முழுதாக நிரப்ப வேண்டும், ஓட்ட வேண்டும், மறுபடி முழுதாக நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் இடையில் எரிந்த பெட்ரோல். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். ஆனால் 200 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் போட்டுக்கொண்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் கணக்கு எதற்கும் உதவாது. டேங்க் முள் நேர்கோட்டில் இறங்குவதில்லை. பல வண்டிகளில் முதல் பாதி மெதுவாகக் குறையும், இரண்டாம் பாதி கடகடவென்று இறங்கும்.

பங்க்கில் நடப்பதை நிதானமாகப் பார்ப்போம். வண்டி சமமான தளத்தில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டேங்கின் ஒரு மூலையில் காற்று தங்கிவிடும். "ஜீரோ பாத்துக்கங்கண்ணே" என்று பையன் சொல்லும்போது நிஜமாகவே பார்க்க வேண்டும். "ஃபுல் டேங்க்" என்றதும் நாஸிலை உள்ளே விட்டுப் பிடியை அமுக்குகிறார். பெட்ரோல் மேலே ஏறி வந்து நாஸில் முனையில் உள்ள சின்னத் துளையை மூடியவுடன் உறிஞ்சும் காற்று தடைபட்டு, டக்கென்று பிடி விடுபடும். அதுதான் ஆட்டோ கட். அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டாப் போட்ரவாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவதுதான் கணக்கைக் கெடுக்கும். இன்று அரை லிட்டர் கூடுதலாகத் திணித்து, அடுத்த முறை ஆட்டோ கட்டோடு நிறுத்தினால் அந்த அரை லிட்டர் நம் மைலேஜில் போலி லாபமாக ஏறிவிடும். வாய்வரை நிரப்புவது வண்டிக்கும் நல்லதில்லை. டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விடும்.

முடிந்தவரை ஒரே பங்க், ஒரே பம்பு, அதே பக்கம். நாஸிலுக்கு நாஸில் ஆட்டோ கட் ஆகும் இடம் கொஞ்சம் மாறும். இந்த மாற்றத்தை அறவே ஒழிக்க முடியாது, ஆனால் அதன் பாதிப்பைச் சிறிதாக்கலாம். அரை லிட்டர் தவறு என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டரில் கணக்குப் போட்டால் அது 5 சதவீதப் பிழை, 15 என்பது பதினைந்தே முக்கால் என்று தெரியும். 30 லிட்டருக்குமேல் ஓட்டிவிட்டுப் போட்டால் அதே அரை லிட்டர் ஒன்றே முக்கால் சதவீதத்துக்குள் அடங்கிவிடும். டேங்க் முக்கால்வாசியாவது காலியான பிறகு நிரப்பச் சொல்வது இதனால்தான்.

நோட்டில் எழுத வேண்டியவை தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய். பக்கத்தில் ஒரு சொல் குறிப்பு: "மதுரை, ஏசி, ஏழு பேர்" அல்லது "உள்ளூர்". ஒரு மாதிரி பார்க்கலாம். போனமுறை நிரப்பும்போது 48,210. இந்தமுறை 48,642. ஓட்டம் 432 கிலோமீட்டர். பிடித்தது 27.4 லிட்டர். 432-ஐ 27.4-ஆல் வகுத்தால் 15.8. லிட்டர் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 34 காசு. இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதாக எழுதி வைக்கச் சொல்வேன். பெட்ரோல் விலை 2017 ஜூன் முதல் தினமும் மாறக்கூடியதாகிவிட்டது. வீட்டுச் செலவில் வந்து உட்காருவது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதுதான்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு டேங்குக்கு 20 வந்தது, இன்னொரு டேங்குக்கு 12 வந்தது, ஆகவே சராசரி 16 என்பார்கள். இரண்டிலும் 300 கிலோமீட்டர் ஓடியிருந்தால் முதல் டேங்கில் எரிந்தது 15 லிட்டர், இரண்டாவதில் 25. மொத்தம் 600 கிலோமீட்டருக்கு 40 லிட்டர். மைலேஜ் 15 தான். மைலேஜ்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. கிலோமீட்டரை எல்லாம் கூட்டி, லிட்டரை எல்லாம் கூட்டி, கடைசியில் ஒருமுறை வகுக்க வேண்டும். ஐரோப்பாவில் மைலேஜைத் திருப்பிப் போட்டு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவாக வருவதில்லை.

பங்க்கில் அளவு குறைக்கிறார்கள் என்ற சந்தேகம் நம் ஊரில் தீராத ஒன்று. அதற்காகவே 100-க்குப் பதில் 110, 200-க்குப் பதில் 210 என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரூபாயை மாற்றிக் கேட்பதால் பம்பின் அளவு மாறிவிடாது. அதைவிட நல்ல வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிவரைதான் முன்னேபின்னே இருக்கலாம், அதாவது அரை சதவீதம். அந்த அளவுக்குள் இருந்தால் நம் மைலேஜ் இறங்கியதற்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

கிலோமீட்டர் கல்லிடம் கேளுங்கள்

லிட்டரை இவ்வளவு சந்தேகப்படும் நாம் கிலோமீட்டரைச் சந்தேகப்படுவதே இல்லை. ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணுகிறது. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறுக்கும், அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் கூடுதலாகக் காட்டும். எர்டிகாவின் 15 அங்குல டயரை எடுத்துக்கொண்டால் மையத்திலிருந்து தரைவரை சுமார் 31 சென்டிமீட்டர். புது டயரில் 8 மில்லிமீட்டர் இருக்கும் பட்டன், சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லையான 1.6 மில்லிமீட்டர்வரை தேயும்போது வித்தியாசம் 2 சதவீதம். ஓடாத கிலோமீட்டர்களை ஓடியதாகக் காட்டி மைலேஜைப் பொய்யாக உயர்த்திவிடும். கம்பெனி போட்ட அளவுக்குப் பதில் வேறு அளவு டயர் மாட்டியிருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

இதைச் சரிபார்க்க கொட்டாம்பட்டிக்காரர்களுக்கு வாசலிலேயே அளவுகோல் கிடக்கிறது. நான்குவழிச் சாலையில் கிலோமீட்டர் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. ஒரு கல்லுக்கு நேராக ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டு, கருங்காலக்குடியைத் தாண்டி மேலூர் பக்கம் இருபது கல் கடந்ததும் எண்ணைப் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். 20.4 என்று காட்டினால் உங்கள் மீட்டர் நூறுக்கு இரண்டு கூட்டிச் சொல்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிவைத்து எல்லாக் கணக்கிலும் கழித்துக்கொள்ளலாம். கைப்பேசியின் வரைபடத்தை வைத்தும் பார்க்கலாம். எனக்குக் கல்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

புது வண்டிகளில் டிஸ்பிளேயிலேயே சராசரி மைலேஜ் வருகிறதே என்று கேட்கலாம். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து வண்டியின் கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு அது. பெரும்பாலும் உண்மையைவிடச் சற்று மேலேதான் காட்டும். அந்த ஓடோமீட்டரின் பிழையும் அதற்குள் இருக்கிறது. நேற்றைவிட இன்று எப்படி என்று பார்க்க அது போதும். வரவு செலவுக்கு நோட்டுதான்.

எங்கே போகிறது பெட்ரோல்?

முதல் காரணம் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமாக ஏறுகிறது. 60-ல் போகும் வேனை 90-க்கு ஏற்றினால் காற்று தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு. முகம் சரிந்த கார்களைவிட, முகம் செங்குத்தாக நிற்கும் ஆம்னி, ஈகோ போன்ற வேன்களுக்கு இதன் அடி பலமாக விழும். மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல காலமாகச் சொல்லிவருவது: 80-ல் போவதைவிட 45 முதல் 55-க்குள் போனால் 40 சதவீதம்வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கலாம். நான்குவழிச் சாலையில் 50-ல் போவது பின்னால் வரும் லாரிக்கும் நமக்கும் ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் 100-ஐ 75 ஆக்கினாலும் கணக்கு நன்றாகவே மாறும். கொட்டாம்பட்டியிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிவரை அதனால் கூடும் நேரம் பத்து நிமிடம்தான்.

அடுத்தது மேலே கட்டும் கேரியர். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, கூரைமேல் வைக்கும் பெரிய பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம்வரை மைலேஜைத் தின்றுவிடும். திருவிழா முடிந்து மூன்று மாதம் ஆகியும் கேரியரைக் கழற்றாமல் ஓடும் வேன்கள் நம் பக்கம் நிறைய உண்டு.

சுமையும் சேரும். ஈகோவின் சொந்த எடை ஒரு டன்னுக்கும் கீழே. 60 கிலோ வீதம் ஏழு பேர் ஏறினால் 420 கிலோ. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது இது அவ்வளவாகத் தெரியாது. நின்று நின்று கிளம்பும் இடத்தில்தான் ஒவ்வொரு கிளம்பலுக்கும் விலை கொடுக்கிறோம்.

இவை எல்லாவற்றையும்விட நம் குடும்பங்கள் கவனிக்காமல் விடுவது, நின்றபடி ஓடும் இன்ஜினைத்தான். ஓடோமீட்டர் நகராது, பெட்ரோல் மட்டும் இறங்கும். 1.2 லிட்டர் இன்ஜின் ஏசியோடு சும்மா நின்றாலே மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். மண்டப வாசலில் மொய் எழுதப் போனவர்கள் திரும்பி வரும்வரை, வெயில் தாங்காத பாட்டிக்காகவும் கைக்குழந்தைக்காகவும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. 50 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எரிந்திருந்தால் மைலேஜ் பதினாறரைக்கு மேல். அதோடு ஒரு மணி நேரம் நின்றபடி ஓடியிருந்தால் 4 லிட்டர், மைலேஜ் பன்னிரண்டரை. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. பாட்டிக்கு ஏசி போடுவது சரியா என்ற கேள்வியும் இங்கே இல்லை, கட்டாயம் போட வேண்டும். நோட்டில் "மண்டபம், ஏசி, ஒரு மணி நேரம்" என்று எழுதியிருந்தால் மறுநாள் மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. நல்ல வெயில் நாளில் குறுகிய தூரம் ஓடும்போது ஏசி மட்டுமே மைலேஜில் கால்பங்குக்கு மேல் குறைக்கக்கூடும் என்று அதே அமெரிக்கத் துறை சொல்கிறது. மதுரையின் சித்திரை வெயிலுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் வருவதும் கணக்கை இழுக்கும். இன்ஜின் சூடேறும்வரை பெட்ரோல் கூடுதலாகவே உள்ளே போகும். அது சூடேறுவதற்குள் நாம் வண்டியை நிறுத்திவிடுகிறோம்.

இருபது சதவீத எத்தனால்

"போன வருஷம் வரைக்கும் நல்லாக் குடுத்துச்சு, இப்ப கொறைஞ்சிருச்சு" என்ற பேச்சு அண்மைக் காலமாகக் கூடியிருக்கிறது. இதில் உண்மை எவ்வளவு? பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பதை 2022-ல் எட்டினோம். 20 சதவீதம் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் பரவலாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலவையை வைத்துக் கணக்கிட்டால், இ-10 பெட்ரோலைவிட இ-20 பெட்ரோலில் லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை சதவீத ஆற்றல் குறைவு. சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏழு சதவீதத்தை நெருங்கும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட வழித்திட்ட அறிக்கையும் இதை மறைக்கவில்லை. சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ-10-க்குச் சீரமைத்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதமும், இ-10-க்கு வடிவமைத்து இ-20-க்குச் சீரமைத்தவற்றில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று அது மதிப்பிட்டது.

16 கொடுத்த பழைய வேன் 15-க்கு வந்தால் எத்தனாலைச் சொல்லலாம். 12-க்கு இறங்கினால் எத்தனாலின் தலையில் கட்டிவிட்டு உட்காரக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஆதாரம், கலவை மாறுவதற்கு முன்பிருந்தே நோட்டு எழுதியவரிடம்தான் இருக்கும். விற்பனையாகும் பெட்ரோலில் ஆற்றல் குறைந்தும் விலை குறையவில்லை என்பது நியாயமான மனக்குறை. அதை எழுப்புவதற்கும் கையில் எண் வேண்டும்.

சிஎன்ஜி வேன்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே லிட்டர் கிடையாது, கிலோ. ஈகோவுக்குக் கிலோவுக்கு 26.78, எர்டிகாவுக்கு 26.11 என்பது அறிவிக்கப்பட்ட எண். சிலிண்டர் "ஃபுல்" என்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது. ஸ்டேஷனில் அழுத்தம் குறைந்தாலும், வெயிலில் வாயு விரிந்தாலும் குறைவாகத்தான் ஏறும். ஒரு நிரப்பலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், மாதம் முழுவதற்குமான கிலோவையும் கிலோமீட்டரையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓடிவிட்டுத்தான் வாயுவுக்கு மாறும் என்பதால் அந்தப் பெட்ரோலையும் செலவில் சேர்க்க வேண்டும். கிலோ 95 ரூபாய் என்றும், கிலோவுக்கு 22 கிடைக்கிறது என்றும் வைத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 32 காசு. பெட்ரோலோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான்.

நோட்டு கண்டுபிடிக்கும் நோய்கள்

மூன்று நான்கு மாதம் எழுதிவிட்டால் வண்டியின் இயல்பு பிடிபட்டுவிடும். நம் வேன் உள்ளூரில் 13, மதுரைக்குப் போய்வந்தால் 16 என்று தெரிந்த பிறகு, காரணமே இல்லாமல் ஒரு டேங்க் 12-க்கு இறங்கினால் அது ஒரு செய்தி.

அப்போது முதலில் செய்ய வேண்டியதற்குச் செலவு கிடையாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் ரிம் பக்கமாக உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டுவிட வேண்டாம். மூன்று சக்கரம் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் போவது ஒருபுறம், மலைப்பாதை இறக்கத்தில் அதே பிரேக் காலை வாரிவிடும். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கவாவது நோட்டு எழுதலாம். இன்ஜின் வெப்பமுள் எவ்வளவு ஓடினாலும் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, இன்ஜின் எப்போதும் குளிராகவே இருப்பதாக எண்ணிப் பெட்ரோலை இழுக்கும். டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆக்சிலரேட்டரை அமுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

மைலேஜ் குறைந்தது என்று சொன்னவுடன் பட்டறையில் முதலில் கை வைப்பது ஏர் ஃபில்டரில்தான். கார்புரேட்டர் காலத்து ஆம்னிக்கு அது சரி. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் காற்றுக்கேற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்வதால் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் முதலில் போகும், மைலேஜ் அவ்வளவாகப் போகாது. தூசி படிந்த ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும், ஆனால் மாற்றியதால் மைலேஜ் கூடிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். டயர் காற்றும் அப்படித்தான், நான்கிலும் பத்து பி.எஸ்.ஐ. குறைந்தாலும் மைலேஜ் இழப்பு இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் என்கிறது அமெரிக்கத் துறையின் கணக்கு. அதற்குமுன் டயர் ஓரம் தேய்ந்து, சூடேறி வெடிக்கும் அபாயம்தான் பெரிது. காற்றுப் பிடிக்கப் போவது உயிருக்காக.

நோட்டின் கடைசிப் பக்கங்களை மற்ற செலவுகளுக்கு ஒதுக்கலாம். சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், மேலூரைத் தாண்டியதும் வரும் சிட்டம்பட்டி சுங்கச்சாவடிக்குக் கட்டியது. அடிக்கடி மதுரை போய்வரும் குடும்பமானால், 2025 ஆகஸ்ட் 15 அன்று தனியார் கார், வேன்களுக்கு 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்தர பாஸில் 200 கடப்புகள் கிடைக்கும். அந்த விலையில் கடப்புக்கு 15 ரூபாய். அது லாபமா என்பதையும் நோட்டு வைத்துத்தான் பார்க்க முடியும்.

பெட்ரோலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 34 காசு ஆகும் வேனில் மதுரைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 634 ரூபாய். ஏழு பேர் போனால் தலைக்கு 90 ரூபாய் சொச்சம், வீட்டு வாசலில் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. கல்லூரியில் ஒரு சான்றிதழ் வாங்க ஒருவர் மட்டும் போவதானால் அதே 634 ரூபாய் அவர் ஒருவர் தலையில் விழுகிறது. அன்றைக்குக் கொட்டாம்பட்டி நிறுத்தத்தில் மாட்டுத்தாவணி பஸ்ஸுக்குக் கைகாட்டுவதுதான் சரி.